சற்றுத் தாமதமாக வரும்

தறிக்காரி பேசினால் சத்தம் வரவில்லை. புதன்கிழமை காலையிலிருந்து அந்த வீட்டில் இதுதான் பேச்சு.

மாடியில் குடியிருக்கும் டியூஷன் டீச்சர் தன் அறையில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடுவாள். கீழே கூடத்தில், மாவுக்கட்டுப் போட்ட இடது காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் தறிக்காரி பச்சைப் பொத்தானைத் தொடுவாள். இருவர் முகமும் பளிச்சென்று தெரியும். தறிக்காரியின் வாய் அசையும். கை அசையும். புருவம்கூட ஏறி இறங்கும். சத்தம் மட்டும் வராது.

“அக்கா, மியூட்ல இருக்கீங்க. கீழ மைக் மாதிரி ஒரு படம் இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க.”

அமுக்குவாள். அமுக்கியதும் நிஜமாகவே மியூட் ஆகிவிடும். அதன்பிறகு அவள் பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் திரும்பி, “என்னமோ அமுக்கச் சொல்றாங்க அண்ணி, அமுக்கிட்டேன்” என்று கணீரென்று சொன்னதும் மாடிக்குப் போய்ச் சேராது.

டீச்சர் சாமானியப்பட்டவள் அல்ல. தினமும் மாலையில் நாற்பது பிள்ளைகளுக்குப் போனிலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். எந்தப் பிள்ளை தூங்குகிறது, எது கேமராவுக்குத் தன் போட்டோவைக் காட்டிவிட்டு விளையாடப் போயிருக்கிறது என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளுக்கே இது பிடிபடவில்லை. செயலியை அழித்துத் திரும்ப ஏற்றினாள். தன் ஹெட்போனைக் கொடுத்துப் பார்த்தாள். சாதாரணமாகப் போன் செய்து பேசினால் தறிக்காரியின் குரல் தெருக்கோடிவரை கேட்கிறது. வீடியோ என்றால் அடங்கிவிடுகிறது.

“போனுக்குப் பேய் பிடிச்சிருக்கு” என்று தீர்ப்புச் சொன்னாள் நாத்தனார். தம்பிக்கு உடம்பு சரியில்லை, தம்பி மனைவிக்குக் கால் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். பதினெட்டு நாளாகச் சமையல், துவையல் எல்லாம் அவள்தான். கூலியாக நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு போன் வேலை செய்யாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் முழுகும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் வீடியோவிலேயே ஒரு கூட்டம். அதில் தறிக்காரி பேசியாக வேண்டும். அவள் பேசினால்தான் அவள் வீட்டுக்காரர் பிழைப்பார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரரை ஊரில் மைக்காரர் என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எப்போது புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஊரில் அந்தக் குரலைத் தெரியாத ஆள் கிடையாது. முகம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கடையில் போய் “அரைக் கிலோ சர்க்கரை” என்பார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “அட, நீங்கதானா அது!” என்பார். அந்த ‘அட’வுக்காகவே அவர் கடைக்குப் போவார் என்று தறிக்காரி கேலி செய்வதுண்டு.

அந்தக் குரல் ஒரு வருடமாகவே கரகரத்துக்கொண்டிருந்தது. மிட்டாயைச் சப்பியே காலம் தள்ளினார். ஒருநாள் மைக் முன்னாலேயே மூச்சு அடைத்துச் சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து, உள்ளூர் ஆஸ்பத்திரியில் முடியாது என்று சொல்லி, ஆறு மணி நேரத் தொலைவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். குரல்வளையில் கட்டி. மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சேதி வந்தது. படியில் ஓடி இறங்கினாள். கடைசி மூன்று படிகளைக் கால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அவர் அங்கே, அவள் இங்கே.

மகள்தான் துணைக்குப் போயிருந்தாள். ஆனால் அவருக்குக் கிருமித் தொற்று வந்து தனி அறைக்கு மாற்றியபிறகு அவளும் வராந்தாவோடு சரி. முந்தின வாரம் மகள் நர்ஸிடம் போனைக் கொடுத்து இரண்டு தடவை அப்பாவைக் காட்டினாள். இரண்டு தடவையும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தறிக்காரி பார்த்தது ஒரு காதையும் நரைத்த பின்மண்டையையும்தான்.

“குரல்வளையை முழுசா எடுத்தாகணுமாம்மா. திங்கக்கிழமை ஆபரேஷன் தேதி இருக்கு. அதை விட்டா அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது, அதுக்குள்ள கட்டி கீழ இறங்கிடும், அப்புறம் எங்க கையில இல்லைங்கறாங்க” என்று மகள் போனில் அழுதாள். “அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. ஸ்லேட்ல ‘வேண்டாம்’னு எழுதிட்டு அதுக்கடியில ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்காரு. நீ பேசினா கேப்பாரும்மா.”

அவர் எப்போது அவள் பேச்சைக் கேட்டார் என்று தறிக்காரிக்கு யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. நாத்தனாரின் போனை மாடியில் தன் மேஜைமேல் சாத்தி வைத்துவிட்டு, அதிலிருந்து வீடியோ போட்டுவிட்டு, தானே கீழே இறங்கி வந்தாள். வாசல் கதவோரம் நின்று, மாடி மேஜையின் படம் தெரியும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த தறிக்காரியைக் கவனித்தாள்.

“பேசுங்க அக்கா.”

“யார்கிட்ட? அங்க யாரும் இல்லையே.”

இது நன்றாகவே கேட்டது. டீச்சருக்குப் பொறி தட்டியது. நாத்தனாரை மாடிக்கு அனுப்பினாள். போனில் நாத்தனாரின் முகம் பெரிய நிலாவாக உதித்தது. உடனே தறிக்காரி பேச ஆரம்பித்தாள். உதடு ஒவ்வொரு எழுத்தையும் அழகாகக் கடைந்தெடுத்தது. தொண்டையிலிருந்து மட்டும் ஒரு பொட்டுச் சத்தமில்லை.

“அக்கா! நீங்க பேசவே இல்லையே!”

“பேசிட்டுத்தானே இருக்கேன்?” என்று திரும்பினாள். திரும்பின பிறகு அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நூற்றிருபது தறிகள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. புதிதாக வருகிற பெண்கள் ஒரு மாதம் கத்திப் பார்ப்பார்கள். தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு மற்றவர்களைப் பார்த்து உதட்டாலும் விரலாலும் பேசக் கற்றுக்கொள்வார்கள். நாலு தறி தள்ளி நிற்கிறவளிடம் சண்டை போடலாம், ரகசியம் சொல்லலாம், மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் மேஸ்திரியைப் பற்றியே பேசலாம். தறிக்காரி முப்பத்தோரு வருடம் அப்படிப் பேசியவள். எதிரே முகம் தெரிந்து, ஆள் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால் அவள் தொண்டை தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். போனில் தெரிகிற முகம் எல்லாமே அவளுக்கு நாலு தறி தள்ளித்தான் இருந்தது.

“பைத்தியம்னு நினைச்சுக்காதீங்க டீச்சர்.”

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாள் எரிச்சல் எல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. “நான் ரெண்டு தடவை அந்தச் செயலியைக் கொன்னு புதைச்சேனே அக்கா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனார் மாடியிலிருந்து போனில், “என்ன ஆச்சு, என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன்” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு பயிற்சி நடந்தது. டீச்சர் ஒரு அட்டையில் ‘சத்தம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போனுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினாள். கூட்டத்துக்கான எண்ணைத் துண்டுத்தாளில் எழுதினால் நாத்தனார் மடித்து எங்காவது செருகிவிடுவாள் என்று, மாவுக்கட்டின்மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டாள். தறிக்காரி அட்டையைப் பார்த்துப் பார்த்து, “வணக்கம் டாக்டர், நல்லா இருக்கீங்களா” என்று பத்து தடவை சொல்லிப் பழகினாள். சத்தம் வந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்பதுதான் வரவில்லை.

சாயங்காலம் நாத்தனார் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மில் விட்டு வருகிறவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கால் நன்றாக இருந்தால் அவளும் இந்நேரம் பேருந்து நிலையத்தைக் கடந்து வந்துகொண்டிருப்பாள். காது தறிச் சத்தத்தில் இன்னும் இரைந்துகொண்டிருக்கும். அதற்குமேல் அவர் குரல் வந்து விழும். மாற்று ஆள் வராமல், தான் வீட்டுக்கு வர நேரமாகும் என்றால் அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஏதாவது ஒரு வண்டி தாமதம் என்று அறிவிக்கும்போது, “சற்றுத் தாமதமாக வரும்” என்று சொல்லி, ஒரு நொடி விட்டு, “ஆனால் வரும்” என்பார். அந்த இரண்டு சொல் அவளுக்கு மட்டும். மற்றவர்கள் மனிதர் நல்ல ஆறுதலாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து உலை வைப்பாள்.

“என் தம்பி குரல் எப்பேர்ப்பட்ட குரல்” என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். “தொட்டில்லயே ஊரைக் கூட்டுவான். அதை எடுத்துட்டா அவன் இருந்து என்னம்மா பண்ணுவான்?”

“இருப்பாரு அண்ணி” என்றாள் தறிக்காரி. “இருந்தாப் போதும்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டீச்சர் மாவுக்கட்டைப் பார்த்து எண்ணைத் தட்டினாள். திரையில் பெட்டி பெட்டியாக ஆட்கள் வந்தார்கள். ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா. வராந்தாவில் சுவரோரம் நின்றபடி மகள். கடைசியாக ஒரு பெட்டியில் கட்டில் தெரிந்தது. நர்ஸ் ஒரு தாங்கியில் போனை மாட்டிக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். தலையணையில் சாய்ந்து, கழுத்தில் குழாயோடு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு மைக்காரர் இருந்தார். இளைத்திருந்தார். யாரோ தாடியை மழிக்காமல் விட்டிருந்தார்கள்.

“வணக்கம் டாக்டர், நல்லா இருக்கீங்களா” என்றாள் தறிக்காரி, அட்டையைப் பார்த்து, தெருவே கேட்கும்படி.

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவசரக்காரர். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பயிற்சி அம்மா, ஆபரேஷனுக்குப் பிறகும் பேசுவதற்குக் கருவி இருக்கிறது, வேறு வழிகள் இருக்கின்றன, நாளாகும், பொறுமை வேண்டும் என்றாள். மகள் குறுக்கே அழுதாள். நாத்தனார் தறிக்காரியின் தோளுக்கு மேலே முகத்தை நீட்டி, “தம்பீ! அக்கா சொல்றதைக் கேளுடா!” என்று கூவினாள்.

தறிக்காரிக்கு ஒரு விஷயம் எரிச்சலாக இருந்தது. யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பெட்டியைத்தான் போன் பெரிதாக்கிக் காட்டியது. டாக்டர் பேசினால் டாக்டர் வந்து நின்றார். மகள் விசும்பினால் மகள் வந்தாள். சத்தமே போடாத அவர் பெட்டி ஓரத்துக்குப் போய், சுருங்கி, நகம் அளவுக்கு ஆகிவிட்டது. யாருக்காகக் கூட்டமோ அவரைத்தான் யாரும் பார்க்கவில்லை.

“டீச்சர், அவரைப் பெரிசாக்க முடியாதா?”

“முடியுமே” என்று டீச்சர் அந்த நகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். மற்றவர்கள் எல்லாம் ஓரத்துக்குப் போனார்கள். திரை முழுக்க அவர் மட்டும் இருந்தார்.

உதடு அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. அவர் போனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘கால் எப்படி?’

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் அதே கூடத்தில் தறி ஓட்டியவர்தான். “எட்டு வருஷமா வாயை மட்டும் அசைச்சாச்சு, இனிமே தொண்டையை அசைக்கறேன்” என்று சொல்லிவிட்டு மைக் வேலைக்குப் போனவர். அப்புறம் தறிப் பேச்சு அவர் வாயில் வந்ததே இல்லை. இப்போது வந்திருந்தது. துருப்பிடித்து, பாதி எழுத்தை முழுங்கிக்கொண்டு வந்திருந்தது.

தறிக்காரி அட்டையை மறந்தாள்.

‘வலிக்குது. உனக்கு?’

தறிப் பேச்சில் மரியாதைக்கு இடம் கிடையாது. ‘நீங்க, வாங்க’ என்று உதட்டை இழுப்பதற்குள் இழை அறுந்துவிடும். எல்லோரும் நீதான், வாதான். அவர் மில்லை விட்டு வெளியே போன நாளிலிருந்து அவள் அவரை நீ என்று சொன்னதில்லை.

“அம்மா, உங்க சத்தம் வரலை. மியூட்ல இருக்கீங்க” என்றார் டாக்டர்.

தறிக்காரி கண்ணை எடுக்காமல் சத்தமாகச் சொன்னாள்: “கொஞ்சம் இருங்க டாக்டர். அவரு பேசிட்டிருக்காரு.”

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பயிற்சி அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

‘ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே?’

‘குழாய். அசிங்கமா இருக்கு.’

‘இதைவிடவா?’ என்று அவள் மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் போனுக்கு நேரே காட்டினாள். அதில் டீச்சர் எழுதிய எண்ணும், அதற்குப் பக்கத்தில் டியூஷன் பிள்ளை ஒன்று போட்டுவைத்த பெருக்கல் கணக்கும் இருந்தன. அவர் உற்றுப் பார்த்தார். ‘கணக்குத் தப்பு’ என்றார். சிரித்தார். குழாயில் புஸ்ஸென்று காற்று வந்தது. சட்டென்று கையால் மறைத்துக்கொண்டார்.

‘கையை எடு. நான்தானே பாக்கறேன்.’

எடுத்தார். 

‘குரலை எடுத்துடுவாங்க.’

‘தெரியும்.’

‘அப்புறம் நான் யாரு? ஊருக்கே என் குரலைத்தான் தெரியும். மூஞ்சி யாருக்குத் தெரியும்?’

‘எனக்குத் தெரியும்.’

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட ஆட்டல் இல்லை.

‘நீ அந்தப் பக்கம் வரும்போது என் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவே. இனிமே எதைக் கேட்டுட்டுப் போவே?’

இதுதானா, இதைத்தான் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்தாள் தறிக்காரி. கண்ணீர் வந்தால் உதடு தெரியாது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

‘உன்னைக் கட்டிக்கறேன்னு நான் எங்க சொன்னேன்?’

அவர் யோசித்தார். ‘பதினெட்டாம் தறி.’

‘அன்னைக்கு உன் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமா?’

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

‘அதுவரைக்கும் உன் சத்தத்தை ஒருநாள்கூடக் கேட்டதில்ல. அன்னைக்குச் சாயங்காலம் மில் கேட்டுக்கு வெளியதான் முதல்ல கேட்டேன். கேட்டப்புறம், அவசரப்பட்டுட்டோமோன்னு கொஞ்சம் யோசிச்சேன்.’

மறுபடி குழாயில் புஸ்ஸென்று காற்று. இந்தத் தடவை மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகம் அப்படியே கோணியது.

‘பயமா இருக்கு.’

‘எனக்கும்தான்’ என்றாள். ‘தனியா பயப்படாதே. சேர்ந்து பயப்படுவோம்.’

 

பிறகு அவர் போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். ஊசி குத்திய கை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்து, உள்ளங்கையை முன்னால் தள்ளினார். தறிக்கூடத்தில் எதிர்த் தறிக்காரனுக்கு இழை அறுந்தால் காட்டுகிற சைகை அது. முடிச்சுப் போடு, ஓட்டு.

“அப்பா என்னம்மா சொல்றாரு?” என்று மகள் கேட்டாள்.

தறிக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “டாக்டர், திங்கக்கிழமை பண்ணிடுங்க. அவரு சரின்னுட்டாரு.”

“அவர் கையெழுத்து எனக்கு வேணுமேம்மா.”

“குடுங்க, போடுவாரு. பேனா எழுதற பேனாவாக் குடுங்க, இல்லேன்னா அதுக்கு ஒரு சண்டை போடுவாரு.”

நர்ஸ் காகிதம் கொண்டுவந்து நீட்டினாள். போட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நன்றி என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். பயிற்சி அம்மா போகுமுன், “இந்தப் பேச்சை எனக்கும் கொஞ்சம் காட்டிக் குடுங்க, இங்க நிறைய பேருக்குத் தேவைப்படும்” என்றாள். மகள் நர்ஸோடு மருந்து வாங்கப் போனாள். டீச்சர் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தேன் என்று பொய் சொல்லி மாடிக்குப் போனாள். நாத்தனார் பதினெட்டு நாள் அலுப்பும் ஒன்றாக வந்து அழுத்த, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்தாள்.

பெட்டிகள் எல்லாம் போய் இரண்டே இரண்டு மிஞ்சின. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை என்று போன் நினைத்திருக்க வேண்டும், ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்று எழுதிக் கேட்டது. தறிக்காரி ‘ஆம்’ என்பதைத் தானாகவே தொட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக் முன்னால் உட்காருவதுபோலத் தோளைச் சரிசெய்துகொண்டார். உதடு நிதானமாக, ஒரு எழுத்தையும் முழுங்காமல் சொன்னது.

‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சற்றுத் தாமதமாக வரும்.’

நிறுத்தினார்.

‘ஆனால் வரும்.’

‘சரி. வா’ என்று அவள் உதட்டால் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். காதோரம் கையைக் குவித்துக் காட்டினார்.

‘இங்க தறி ஓடலையே. எனக்கு வாய்தானே போச்சு, காது இருக்கே. சத்தமாச் சொல்லு. இத்தனை வருஷம் நீ என் சத்தத்தைக் கேட்டே. இனிமே உன்னோடதை நான் கேக்கறேன்.’

தறிக்காரி சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

“வா” என்றாள், கூடம் அதிர. “எத்தனை நாளானாலும் சரி. சாப்பாடு எடுத்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன். நீ வந்து சேரு.”

நாத்தனார் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். “ஏம்மா, என் தம்பியையா நீ வா போன்னு கூப்பிடறே?”

“ஆமா அண்ணி.”

திரையில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

‘இன்னொரு தடவை.’

சொன்னாள்.